சாவனியின் பட்டையை உரித்தது யார்?

பூனாவில், ஹடப்சரில் எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு மரம் பூத்திருக்கிறது. கூட வேலை பார்க்கும் பெண் என்ன மரம் என்று கேட்டாள். சாவனி என்றேன். காம்பே இல்லாததுபோல் கொம்போடு ஒட்டிய சின்ன இலை. இஸ்திரி காணாத கிரேப் துணி மாதிரி சுருங்கிய இளஞ்சிவப்புப் பூ. போன வருஷத்துக் காய்கூட ஆறாக வெடித்துக் கொம்பு நுனியில் காய்ந்து நிற்கும். இவ்வளவும் அடுக்கிய நான், பட்டையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதில் எனக்கொரு மானக்கேடு இருக்கிறது. உங்களிடம் சொல்வதற்கென்ன.

கல்யாணமான புதிதில் கோயம்புத்தூரிலிருந்து வந்து, விஷ்ராந்த்வாடியில் ஒரு தரைத்தள வீட்டில் குடியிருந்தோம். வாசலில் ஒரு சாவனி. பக்கத்து வீடு தனம் அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மூன்று தலைமுறையாகப் பூனாவாசிகள். அக்கா தமிழ் பேசினால் நடுவில் மராத்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்; மரம் ஜாடு, பொரியல் பாஜி, இன்றைக்கு என்பது ஆஜ். இருந்தாலும் அந்தத் தெருவில் எனக்குத் தமிழ் பேச அவர் ஒருவர்தான். மாவரைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போகும். கிண்ணம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

அவருக்கு ஒரே குறை, பூ உதிர்ந்து ஸ்கூட்டர் சீட்டில் ஒட்டுகிறது என்பது. கிளையைக் கொஞ்சம் வெட்டலாமா என்று கேட்டார். நான் பிடிகொடுக்கவில்லை. அடுத்த வாரம் மரத்தடியில் பட்டை தாள் தாளாக உரிந்து கிடந்தது. அடிமரம் வழவழவென்று நின்றது. எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

துப்பறிய ஆரம்பித்தேன். பாத்திரம் கழுவுகிற சாக்கில் ஜன்னலைவிட்டு நகர்வதில்லை. ஆசிட் ஊற்றியிருப்பாரோ என்று மரத்தை மோந்துகூடப் பார்த்தேன். கிண்ணம் வாங்கும்போது அக்காவின் நகக்கண்ணில் பட்டைத்தூள் தெரிகிறதா என்று கவனித்தேன். மஞ்சள்தான் இருந்தது. ஒன்றை மறைக்க இன்னொன்று என்று நினைத்துக்கொண்டேன். மரம்தானே விடு என்று சொன்ன என் கணவர்மேலேயே சந்தேகம் வந்தது.

ஒருநாள் அக்கா காய்கறிப் பையோடு வரும்போது கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க்கா, பட்டைய உரிக்கறது நீங்கதானுங்களே?"

அவர் பையைக் கீழே வைத்தார். "அந்த ஜாடு தானா உரியுதும்மா. நான் தொட்டதுகூட இல்ல."

நான் சிரித்தேன். கேட்டதைக்கூடப் பொறுத்திருப்பார், அந்தச் சிரிப்பைத்தான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதோடு கிண்ணம் நின்றது. சில மாதத்தில் நாங்கள் ஹடப்சருக்கு வீடு மாறிவிட்டோம்.

ஒரு வருஷம் கழித்து நர்சரியில் ஒரு சாவனியைப் பார்த்து, பட்டை உரிந்ததை விற்கிறீர்களே என்று நியாயம் கேட்டேன். அந்த ஆள் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். வரிசையாக வளர்ந்த மரங்கள், எல்லாமே வழவழவென்று. கொஞ்சம் வயசானால் வருஷாவருஷம் பழைய பட்டையைத் தானே கழற்றிவிடும், அதுதான் இந்த மரத்துக்கு அடையாளமே என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே விஷ்ராந்த்வாடிக்குப் போனேன். இரண்டு வீட்டையும் இடித்துத் தகரம் அடைத்திருந்தார்கள். மரமும் இல்லை. அக்காவின் மகனுக்கு ரஞ்சன்காவில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டதாக எதிர் டீக்கடைக்காரர் சொன்னார். எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. அக்காவின் பழைய நம்பர் வேலை செய்யவில்லை.

இப்போது எங்கள் அபார்ட்மெண்டிலேயே நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. வாட்ஸப் குழுவும் உண்டு. வருவதற்கு முன் எல்லாரும் போன் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். கதவு திறந்திருந்தால் நேராகச் சமையலறைக்கு வந்து, "ஆஜ் என்ன பாஜி?" என்று மூடியைத் தூக்கிப் பார்க்க ஒருவரும் இல்லை.