வேலியோரத்து நட்டம்

ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமி அக்காவுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. அது வருடத்தில் ஒரே வாரம்தான். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும்போது, திடலுக்குள் வேலியோரம் அடுப்பு மூட்டி அவித்த சோளம் விற்பார். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே வாங்கித் தின்பார்கள். லயத்து வீட்டுக்குப் பின்னால் சமைக்கவென்று அக்கா இழுத்துக் கட்டிய குசினியும், மகள் தனுஜாவின் தாதிப் பயிற்சியும் அந்தச் சோளத்தில் வந்தவை.

இதை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. வியாபாரம் எப்படி என்றால், "என்னத்த, நட்டந்தான்" என்பார். அவரைப் பொய்க்காரி என்று சொல்ல நான் வரமாட்டேன். எங்கள் பக்கத்தில் வியாபாரம் அமோகம் என்று சொல்லிவிட்டு எவன் நிம்மதியாகத் தூங்கினான்? கண் பட்டுவிடும். அதிலும் பக்கத்து அடுப்பில் கடலை வறுக்கும் மாயாண்டிக்கு உடம்பெல்லாம் காது.

போன வருடம் ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வந்தார்கள். பந்தயத்தால் ஊருக்கு எவ்வளவு நன்மை என்று அளக்கிறார்களாம். வேலியோரத்துக்கு வந்தவள் அட்டனைச் சேர்ந்த அனோஜா.

"ஆன்ட்டி, பந்தயத்தால உங்களுக்கு லாபமா?"

"எங்க புள்ள, நட்டந்தான். ஏதோ பொழுது போகட்டும்னு வர்றோம்."

மாயாண்டியும் அதையே சொன்னார். வரிசை முழுக்க அதையே சொன்னது.

இந்த மார்ச்சில் பந்தயக் குழு எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தது. ஹோட்டல்களுக்கும் வாடகை வான்காரர்களுக்கும் நல்ல வருமானம், வேலியோரக் கடைகளுக்கு ஒன்றுமில்லை என்று அந்தப் பிள்ளைகளின் அளவீடு காட்டியதாம். வருடா வருடம் நட்டப்படுகிறவர்களை எதற்குச் சிரமப்படுத்துவது, அந்த இடத்தில் வாகனங்களை நிறுத்தலாம் என்றார் தலைவர். அன்பாகத்தான் சொன்னார். அக்கா பாதி எழுந்தார். பக்கத்தில் மாயாண்டி இருந்தார். அக்கா உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரலில் எல்லோரும் வெளியே, மெயின் ரோட்டு வளைவில் அடுப்பு மூட்டினார்கள். கார்கள் நிற்காமல் போயின. மழை வேறு. தனுஜாவுக்கு இன்னும் ஒரு வருடப் பயிற்சி மிச்சம் இருந்தது.

மத்தியானம் குடையோடு அனோஜா வந்தாள்.

"எப்படி ஆன்ட்டி, இந்த வருஷம்?"

"நட்டம், புள்ள."

"போன வருஷமும் நட்டம்." அனோஜா தலை நிமிராமல் போனில் தட்டினாள். "அப்ப உள்ள இருந்தாலும் வெளிய இருந்தாலும் உங்களுக்கு ஒன்னுதான்."

அக்காவுக்கு முகம் வெளுத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இன்றுதான் நட்டம் என்று உண்மையைச் சொன்னார். அதுவும் பழைய பொய்யோடு போய்ச் சேர்ந்துவிட்டது. அண்டாவின் மூடியைத் திறந்தார். சோளம் விளிம்பு வரை கிடந்தது.

"இங்க பாரு புள்ள, இதுதான் நட்டம். போன வருஷம் இந்நேரத்துக்கு ரெண்டாவது அண்டாவும் காலி. என் குசினி, என் மக படிப்பு, எல்லாம் அந்த வேலியோரத்துல வந்தது. லாபம்! நல்ல லாபம்! அத எழுது!"

ரோட்டோரம் முழுக்கக் கேட்டிருக்கும். மாயாண்டி கரண்டியை வைத்துவிட்டு அக்காவையே பார்த்தார். பிறகு அனோஜாவின் குடைக்குள் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் அப்படித்தான் புள்ள. எழுதிக்க."