செல்வத்துக்கு வாய்த்த ஆபரேஷன்

நிருபர் வேலையில் பாதிச் செய்தி டீக்கடையிலும் மீதி பந்தியிலும்தான் கிடைக்கும். புளித்த நீர் தொண்டைவரை எதுக்களிக்கிறவன் இரண்டிலும் ஓரமாக நிற்க வேண்டியதுதான். தலையணைக்கு மேல் தலையணை வைத்துத் தூங்கும் நெஞ்செரிச்சல்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். ஃபேக்ஸ் போய் மின்னஞ்சல் வந்துகொண்டிருந்த வருடங்களில் காரைக்காலில் நான் ஒரு காலைப் பத்திரிகைக்கு எழுதினேன். போட்டிப் பத்திரிகைக்குச் செல்வம். அவனும் நம் கட்சியாகத்தான் இருந்தான். திடீரென்று புதுச்சேரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிட்டான். துரோகி.

வாளைமீன் குழம்பு

மண்டபத்தூர் மீனவர் குப்பத்தில் வலைத் தகராறு. பஞ்சாயத்தார் ஒருவர் வீட்டில் வாளைமீன் குழம்போடு சாப்பாடு. எனக்கு மோர் போதும் என்று வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். செல்வம் உள்ளே உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கினான். மறுநாள் அவன் பத்திரிகையின் முதல் பக்கத்தில், ஊர்ப் படகுகள் கடலுக்குப் போகாது என்ற முடிவு. என் பத்திரிகையில் கோயில் கொடியேற்றம். ஆசிரியரிடம் திட்டு வாங்கிய கையோடு பஞ்சாயத்தாரிடம் போய், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எங்க வூட்ல கை நனைக்காத ஆளுட்ட என்னத்த சார் சொல்றது?"

இரண்டு பொட்டலம்

கோட்டுச்சேரியில் ஜவுளிக்கடைத் திறப்பு. நிருபர்களுக்கு ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். நான் பையிலிருந்து இட்லியை எடுத்தேன். செல்வம் தன்னுடையதை முடித்துவிட்டு, கேட்காமலே என் பொட்டலத்தையும் பிரித்தான்.

"நீங்க பாக்குறதப் பாத்தா எனக்கே எறங்க மாட்டேங்குதுண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பிக்குங்க."

அதே டாக்டர்

பொறுக்க முடியாமல் அவனுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போனேன். குழாய் விட்டுப் பார்த்தார். ஆபரேஷன் என்றால் இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்க வேண்டும். ஆனால் மாத்திரையிலேயே அடங்குகிறது, அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? செல்வம் மிளகாய் பஜ்ஜி தின்கிறான், செல்வம் ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிறான், செல்வம் படுத்தவுடன் தூங்கிவிடுகிறான் என்று அடுக்கினேன். டாக்டர் அடுத்த மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டே கேட்டார்.

"ஆபரேஷன் உங்களுக்கா சார், செல்வத்துக்கா?"

பந்தல் ஓரம்

தேதிக்கு முந்தைய வாரம் வரிச்சிக்குடியில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம். செல்வம் இலையை வழித்துவிட்டு எழுந்தான். நான் தயிர்சோற்றோடு முடித்துக்கொண்டு கை கழுவப் போனேன். பந்தலுக்குப் பின்னால் அவன் வயிற்றைப் பிடித்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். முகம் வேர்த்திருந்தது. என்னடா என்று கேட்க வாயைத் திறந்தேன்; நீளமாக ஒரு ஏப்பம் வந்துவிட்டது. அவன் நின்று என்னையே பார்த்தான். பிரியாணிப் பொட்டலத்தை நான் பார்த்த பார்வை அது.

"ஆபரேஷன் ஆனதுலேருந்து எனக்கு ஒண்ணே ஒண்ணு வரமாட்டேங்குதுண்ணே, காத்து உள்ளயே உப்பிக்கிட்டு உசுரு போவுது, உங்களப் பாத்தா பொறாமையா இருக்கு."

மறுநாளே போன் செய்து ஆபரேஷன் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். என்ன மாயமோ, அன்றிலிருந்து அதே மாத்திரை எனக்கு முன்னைவிட நன்றாகக் கேட்கிறது.