இருபத்து நான்கு கோரும் ஒரு மதியத் தூக்கமும்

அருள்பாண்டிக்கு நாற்பத்து நான்கு வயது. இதுவரை அவர் எழுப்பிய வீடுகள் மூவாயிரத்தைத் தாண்டும். ஒன்றிலும் செங்கல் கிடையாது. வீடு கட்டப்போகிறவர்கள் கொண்டுவரும் வரைபடத்தை வைத்து, கட்டி முடித்தால் முகப்பு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பது அவர் தொழில். சுவர், ஜன்னல், பால்கனிக் கம்பி எல்லாம் அவர் வரைந்துவிடுவார். அதற்கு வெயிலும் நிழலும் பூசி, புகைப்படம் போல ஆக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்யும். அந்த வேலைக்கு ரெண்டர் என்று பெயர்.

ஒத்தக்கடைப் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளில் பாதிக்கு முதல் வெயில் விழுந்தது வில்லாபுரத்தில், அருள்பாண்டி குடியிருக்கும் வாடகை வீட்டின் மாடியறையில்தான். அந்த அறைக்கு மேலே சிமெண்ட் ஷீட். ஆகவே அங்கே நிஜ வெயிலுக்கும் குறைவில்லை.

பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்துக்கு ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் ஓடவிட்டுப் படுப்பார். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. யூபிஎஸ் இருந்தது, பத்து நிமிடம் தாங்கும், அதாவது எழுந்து வந்து கவலைப்படுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு. இப்படிப் பதினோரு வருடம் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கியவருக்கு ரத்த அழுத்தம் வந்ததில் ஆச்சரியமில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், மாத்திரையை வாங்கலாம், தூக்கத்தைக் கடையில் வாங்க முடியாது என்றார். பெரும்பாலோர் இதை அறிவுரையாக எடுத்துக்கொள்வார்கள். அருள்பாண்டி சவாலாக எடுத்துக்கொண்டார்.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்துல் வஹீதுக்குக் கடை. பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டரைப் பூட்டித் தருபவர். அவரை வியாபாரி என்று சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. வருகிறவர் விலை கூடியதைக் கேட்டால் அவர் முகம் மலராது. எதற்கு என்று கேட்பார். அருள்பாண்டி கேட்டது இருபத்து நான்கு கோர் புராசஸர். கம்ப்யூட்டரின் மூளைக்குள் வேலை செய்யும் ஆட்கள்தான் கோர்கள் என்று வைத்துக்கொண்டால், பழையதில் நாலு பேர். எட்டுப் பேர் உள்ள புதியது போதும், ஆறு மணி நேர வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும், விலையும் பாதிக்குக் கீழே என்று வஹீது பொறுமையாகச் சொன்னார். இருபத்து நான்கு நாற்பது நிமிடத்தில் முடிக்கும்தான். ஆனால் அது அடுப்பு மாதிரிச் சூடாகும், அந்தச் சிமெண்ட் ஷீட் அறையில் ஏசி இல்லாமல் நிற்காது என்றும் சொன்னார்.

"பந்தியில இருபது பேரு உக்காந்திருக்காங்க. பரிமாற இருபத்தி நாலு பேரு எதுக்குண்ணே?"

அருள்பாண்டிக்கு உவமை பிடித்தது, எட்டு பிடிக்கவில்லை. விற்க வேண்டியவர் வேண்டாம் என்று வாதாட, வாங்கக் கூடாதவர் வேண்டும் என்று வாதாட, கடைசியில் வாடிக்கையாளர் ஜெயித்தார். புராசஸருக்கு மட்டும் ஐம்பத்தெட்டாயிரம்.

அவர் மனைவி கனகலட்சுமி தனியார் பள்ளி ஆசிரியை. கேள்வி கேட்டே பழகியவர் என்றாலும் அன்று ஒன்றுதான் கேட்டார்.

"அது வந்தா நீங்க தூங்குவீங்களா?"

தூங்குவேன் என்று அருள்பாண்டி சொன்னார்.

புதியது வந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் படத்தை ஓடவிட்டதில் நாற்பது நிமிடம் சரியாக நாற்பது நிமிடமாகவே இருந்தது. ஏப்ரல் மாதம் முடியும்வரை அப்படியே இருந்தது. மே மாதத்தில் ஒரு மணி நேரமாகி, பிறகு ஒன்றேகால் ஆயிற்று. சூடு ஏறினால் புராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று வஹீது போனில் விளக்கினார். அந்தப் புத்தி அதை வாங்கியவருக்கு இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. ஏசி மாட்டப்பட்டது. கீழே படுக்கையறைக்கு ஒரு ஏசி என்று கனகலட்சுமி ஆறு கோடைகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் கேட்டது ஒரே ஒரு வாரம்.

இனி இரவில் எதுவும் ஓட வேண்டியதில்லை. தூக்கத்துக்கான ஏற்பாடு முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அருள்பாண்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வரி போட்டுவிட்டார்: "24 கோர். 40 நிமிடத்தில் முகப்பு எலிவேஷன். காத்திருந்து வாங்கிச் செல்லலாம்."

மாவுமில் வாசலில் எழுதி வைக்கிற வாசகம் அது. மாவுமில்லுக்கு வருவது போலவே வந்தார்கள், தூக்குவாளி மட்டும்தான் இல்லை. முன்பு, நாளைக்கு வாங்க என்று சொன்னால் போய்விடுவார்கள். மறுநாள் ஒரு மாற்றத்தோடு வருவார்கள், மிஞ்சினால் இரண்டு. இப்போது யாரும் போவதில்லை. நாற்பது நிமிடம்தானே என்று பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வெளியே அனல், உள்ளே ஏசி. எழுந்து போக என்ன காரணம் இருக்கிறது? ஒரு படம் முடிந்ததும் இன்னொரு நிறம். அது முடிந்ததும் வேறு கேட். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் விளக்கு வைத்த பிறகும் கடைசிக் குடும்பம் படியிறங்காது. அதன்பின், பகலில் அவர்கள் விடாததால் வரைய முடியாத வீடுகளை வரைய உட்காருவார். ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்ட காலத்தில் அரைத் தூக்கமாவது தூங்கியவர், நாற்பது நிமிடக் காலத்தில் அதையும் இழந்தார். வேகம் கூடக் கூட வேலை குறையும் என்று சொன்னவர்கள் யாரும் வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்க முடியாது.

ஜூன் மாதம் முத்திருளன் குடும்பம் வந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒத்தக்கடையில் மூன்று சென்ட். கூடவே மனைவி ஒச்சம்மாள், தம்பி, மகள் ஆர்த்திகா, மருமகன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தார்கள். முதல் படம் சந்தன நிறம். அழுக்குத் தெரியும் என்றார் தம்பி. ஆர்த்திகா சாம்பல் நிறம் கேட்டார்; வந்தது. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றார் மருமகன். மூன்றாவது படத்தில் ஒச்சம்மாள் முதல்முறையாக வாய் திறந்து, கேட் பக்கத்தில் கால்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற பெண் யார் என்று கேட்டார். எல்லாப் படத்திலும் அழகுக்காக நிற்கவைக்கப்படும் பெண்தான். மூவாயிரம் வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். நம்ம வீட்டு வாசல்ல எதுக்கு நிக்கிறா என்று ஒச்சம்மாள் கேட்டார். அவளை வெளியே அனுப்ப இன்னொரு நாற்பது நிமிடம் ஆனது.

மூன்று மணிக்கு ஏழாவது படம் தயாரானது. அருள்பாண்டியின் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் மேசையோரம் இருந்தது. அடுத்த நிறத்துக்காகத் திரையில் வண்ணப் பட்டையை நகர்த்திக்கொண்டிருந்தவர், உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனார். கை நழுவியது. முத்திருளனின் வீடு முழுவதும் கத்தரிப்பூ நிறமாகியது.

அதை யாரும் விபத்தாக நினைக்கவில்லை. தொழில் தெரிந்தவர் யோசித்து ஒன்றைக் காட்டுகிறார் என்று நினைத்து, குடும்பம் அமைதியாகப் பரிசீலித்தது. இது வித்தியாசமாக இருக்கிறது என்று மருமகன் மெச்சினார். அந்தத் தெருவில் யாரிடமும் இல்லாத நிறம் என்றார் தம்பி. டீ குடித்துவிட்டு வந்து முடிவு செய்யலாம் என்று எல்லோரும் கீழே இறங்கினார்கள்.

ஒச்சம்மாள் மட்டும் இறங்கவில்லை. அவர்தான் பக்கத்தில் வந்து பார்த்தவர். மேசையில் லேசாகத் தட்டினார். அருள்பாண்டி விழித்துக்கொண்டு, கத்தரிப்பூ வீட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏன் தம்பி, முன்னெல்லாம் நாளைக்கு வாங்கன்னு சொல்லுவீகளாமே? எங்க நாத்தனாருக்கு அப்படித்தான சொல்லி அனுப்பினீக."

இப்போது மெஷின் வேகம் என்று அவர் சமாளித்தார்.

"மிசினு வேகந்தான். நாங்க அம்புட்டு வேகமில்லையே. கொழுந்தன், மருமகன் முன்னாடி நான் என்னத்தச் சொல்றது? வீட்டுக்குப் போனாத்தான் எனக்கு வாயி வரும். நீங்க வீட்டுக்கே அனுப்ப மாட்டேங்கிறீகளே."

அருள்பாண்டி கத்தரிப்பூ வீட்டை மூடினார். கீழிருந்தவர்கள் திரும்பி வந்ததும், படத்தில் ஒரு கோளாறு, சரிசெய்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு வஹீது கடைக்குப் போனார்.

வஹீது திருகாணியைக் கழற்றப் போனார். அருள்பாண்டி தடுத்தார்.

"உள்ள ஒண்ணும் ரிப்பேர் இல்ல பாய். வேகத்தைக் கொறைக்கணும்."

வஹீது திருப்புளியைக் கீழே வைத்தார். "எம்புட்டுக் கொறைக்கணும்?"

"கரண்ட் போறதுக்குள்ள முடியணும். ஆனா யாரும் உக்காந்து பாக்க முடியாத அளவுக்கு நீளமா இருக்கணும்."

வஹீது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கோரைக் கூட்டிக் குடுன்னு வருவாங்க. குறைச்சுக் குடுன்னு வந்த மொத ஆளு நீங்கதாண்ணே." பிறகு கணக்குப் போடுவது போல விரலை மடக்கிவிட்டு, "ரெண்டு மணி நேரம் வச்சுக்குங்க. ஏசி இருந்தாலும் பசிக்கும்ல, எந்திரிச்சுப் போயிருவாங்க" என்றார்.

ரெண்டர் மென்பொருளில் ஓர் இடத்தைத் திறந்து காட்டினார். இருபத்து நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டிக். எந்தக் கட்டத்தில் டிக்கை எடுக்கிறோமோ அந்தக் கோர் சும்மா இருக்கும். அருள்பாண்டியே மவுஸை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்தார். பதினாறு பேர் வீட்டுக்குப் போனார்கள். கணக்கு இரண்டு மணி நேரத்துக்கு வந்தபோது மிச்சமிருந்த கட்டங்கள் எட்டு. அந்த எண்ணிக்கையை இருவருமே பார்த்தார்கள். வஹீது நாகரிகமான மனிதர். டீ சொல்லி அனுப்பினார்.

இருபத்து நான்கு கோர் வாங்கலாமா என்று இதே தொழில் செய்பவர்கள் இப்போதும் அருள்பாண்டிக்குப் போன் செய்கிறார்கள். எட்டு போதும் என்கிறார். உங்களிடம் எத்தனை என்றால் இருபத்து நான்கு என்கிறார். போட்டிக்கு ஆள் வரக்கூடாது என்று மறைக்கிறார் என முடிவு செய்து, அவர்களும் இருபத்து நான்கே வாங்கிக்கொள்கிறார்கள்.

முத்திருளன் குடும்பம் வீட்டில் கூடிப் பேசி, ஒரே ஒரு மாற்றத்தோடு வந்தது: சந்தன நிறமே இருக்கட்டும், அந்தப் பெண் மட்டும் வேண்டாம். யார் சொன்ன முடிவு என்று அருள்பாண்டி கேட்கவில்லை. மதியம் ஒன்றரைக்கு ஓடவிட்டு, சாயங்காலம் வரச்சொல்லி அனுப்பினார். டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். நாற்காலிகளை ஓரமாக நகர்த்திவிட்டுப் பாயை விரித்தார்.

நாலு மணிக்குக் கனகலட்சுமி பள்ளியிலிருந்து வந்து மாடியேறினார். திரையில் சந்தன நிற வீடு, வாசலில் யாருமில்லாமல், முழுதாக முடிந்து நின்றது. தரையில் அருள்பாண்டி இரண்டு காதையும் மூடிக்கொண்டு தூங்குகிறவரைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தார். மேசைமேல் போன் அதிர்ந்தது. முத்திருளன்தான், புறப்படலாமா என்று கேட்டார்.

கனகலட்சுமி திரையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"ரெண்டர் இன்னும் ஓடிட்டு இருக்குங்க. ஆறு மணிக்கு மேல வாங்க."

போனை அணைத்து வைத்தார். ஏசியை ஒரு டிகிரி குறைத்துவிட்டு, பையைக்கூட இறக்கி வைக்கக் கீழே போகாமல், பாயின் மறு ஓரத்தில் அவரும் படுத்துக்கொண்டார்.