இரவல் வீடு

கிரிசெல்தாவும் நானும் வால்பராய்சோ துறைமுக நகரத்தில் ஒரே குன்றில், ஒரே படிக்கட்டின் ஓரத்தில் வளர்ந்தவர்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பல்கலைக்கழகம் போய்ச் சமூகப் பணி படித்தாள். எங்கள் படிக்கட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான்.

அவளுக்கு நகராட்சியில் வேலை கிடைத்ததும், இனிக் கூரைத் தகரத்துக்கு அலைய வேண்டாம், நம் பெண் பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் சொந்த மாமாவின் மனுவையே வரிசையில் கடைசியில்தான் வைத்தாள்.

"படிச்சுப் படிச்சு இவளுக்கு ரத்தமே சுண்டிப்போச்சு" என்றாள் என் அக்காள்.

என் பக்கத்து வீட்டு எலியானாவுக்கு மீன் ஆலையில் இரவு வேலை. அவளுடைய ஐந்து வயது மகன் எஃப்ராயின் தனியாகத் தூங்குவான். ஒரு குளிர்காலத்தில் கரியடுப்பிலிருந்து போர்வையில் தீப்பிடித்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நீதிமன்றம் அவனைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பிவிட்டது. எலியானா பகல் வேலைக்கு மாறிக்கொண்டு அவனைத் திரும்பக் கேட்டாள். முதலில் வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுக்கும்படி நகராட்சிக்கு உத்தரவு வந்தது. வரப்போவது கிரிசெல்தா என்று தெரிந்ததும் குன்றே சந்தோஷப்பட்டது.

முக்கியமானவர் வருகிறார் என்றால் எங்கள் குன்றில் வீட்டுக்கு வீடு பொருள் நகரும். திரைச்சீலை என் வீட்டிலிருந்து போனது. கட்டிலும் நீலப் போர்வையும் மேல்வீட்டிலிருந்து இறங்கின. குளிர்சாதனப் பெட்டியைக் கொடுத்தது கிரிசெல்தாவின் அம்மா தோன்யா ஓல்காதான். "வர்றது என் பொண்ணு. என் பங்குக்கு நானும் ஏதாவது குடுக்கணுமில்ல?" என்றார். நான்கு ஆண்கள் அதைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறினார்கள்.

கிரிசெல்தா ஒரு மனநல ஆலோசகரோடு வந்தாள். அந்த இளைஞர் தலைநகரத்துக்காரர். "வீடு நல்லா இருக்கே" என்று எழுத ஆரம்பித்தார். கிரிசெல்தா குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது யாரோடது, எலியானா?"

"என்னோடதுதான், சென்யோரிட்டா."

"கதவுல இருக்கிற பள்ளம் நான் பந்தால அடிச்சது. இது எங்கம்மாவோடது."

வாசலில் நின்ற என் அக்காள் சிரித்தாள். "ஆத்தாடி, என்ன கண்ணு! உன் வீட்டுப் பொருள்தானே, எழுதிட்டுப் போயேன்டி!"

அந்த இளைஞரின் பேனா நின்றுவிட்டது.

"கட்டில் யாரோடது?" என்றாள் கிரிசெல்தா.

எலியானா நீலப் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"வீடு வெறுமையா இருந்திருந்தா, கட்டில் வேணும்னு நானே கேட்டு எழுதியிருப்பேன். நீ ஏழைங்கிறதுக்காக உன் புள்ளைய யாரும் பிடிச்சு வெச்சுக்க முடியாது. இப்படிப் பண்ணிட்டியே!"

"கட்டில் இருக்குன்னு எழுதிடு, கிரிசெல்தா. உன் கால்ல விழறேன்."

"நாளைக்கு அது குடுத்தவங்க வீட்டுக்குப் போயிடும். அப்புறம் அவன் எங்க தூங்குவான்?"

"எங்கூட!"

கிரிசெல்தா உள்ளதை உள்ளபடி எழுதினாள். தாய்க்குப் பிள்ளைமேல் உயிர், கட்டிலும் வெப்பமூட்டியும் கொடுத்தால் போதும், பையனை அனுப்பலாம் என்றும் எழுதியிருந்தாளாம். ஆனால் அதிகாரிகளிடம் உண்மையை மறைத்த தாய் என்று சொல்லி நீதிபதி இன்னும் ஓராண்டு தள்ளிப்போட்டார்.

பொருள்களெல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. தோன்யா ஓல்கா மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கிரிசெல்தா படியேறி வந்தால் ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். வசந்தத்தில் நகராட்சியிலிருந்து புதுக் கட்டில் வந்தது. எலியானா அதில் யாரையும் உட்கார விடவில்லை. அதன் பக்கத்தில் தரையில்தான் படுத்தாள்.

ஓராண்டு கழித்துப் பையனைக் கூட்டிவந்ததும் கிரிசெல்தாதான். அவன் வளர்ந்திருந்தான், மொட்டை அடித்திருந்தார்கள். இல்லத்தில் பார்த்துக்கொள்ளும் பெண்கள் எல்லோரையும் பிள்ளைகள் அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். எலியானா மண்டியிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றான்.

"அத்தை, நான் எங்க படுக்கணும்?" என்று தன் அம்மாவைக் கேட்டான்.

எலியானா கட்டிலைக் காட்டினாள். அவன் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் நேராக வைத்துவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

கிரிசெல்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.