உழவு இயந்திரப் பட்டமும் பன்னிரண்டு நொட் காற்றும்

அந்தத் தைப்பொங்கலுக்கு வடமராட்சிக் கடற்கரைப் பட்டப் போட்டியில் நாங்களும் இறங்கினோம். நாங்கள் உடுவிலில் வெங்காயமும் புகையிலையும் செய்கிற ஆட்கள். "தோட்டக்காரர் கடற்கரையிலை பட்டம் விடப் போயினமாம்" என்று சிரிக்காதவர் ஊரில் இல்லை. அண்ணையும் நானும் இரண்டு மாதமாக ஓர் உழவு இயந்திரத்தைப் பட்டமாகக் கட்டினோம். மேலே போனதும் அதன் நான்கு சக்கரங்களும் காற்றில் சுற்ற வேண்டும். பரிசைப் பற்றி நாங்கள் நினைக்கவேயில்லை.

கட்டுவது அண்ணையின் வேலை, காற்றுப் பார்ப்பது என்னுடையது. போனில் அதற்கென்று ஒரு செயலி போட்டு வைத்திருந்தேன். அதிலுள்ள அம்புக்குறி காற்றுப் போகிற பக்கத்தைக் காட்டும். தென்மேற்கைக் காட்டினால், வடகிழக்கிலிருந்து வாடை வீசுகிறது. இதை நானாகவே கண்டுபிடித்த பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்க, பொங்கலன்று மத்தியானத்துக்கு அம்புக்குறிக்குக் கீழே பன்னிரண்டு என்று இருந்தது.

"மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான் அண்ணை. வாழையிலையை ஆட்டிற காத்து. மூங்கில் சலாகையை மெல்லிசாய்ச் சீவுங்கோ."

"போனுக்குள்ளை காத்து அடிக்குமோடி?" என்று நக்கலடித்துக்கொண்டே அண்ணை மூங்கிலைச் சீவினார்.

பொங்கலன்று மத்தியானம் கடற்கரையில் இறங்கியதும் பட்டம் எங்கள் கையிலேயே துடித்தது. பக்கத்தில் வள்ளம்போல ஒரு பட்டத்தோடு நின்ற கடற்றொழிலாளி என் போனை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, உது நொட். கடலிலை போறவைக்கு அதுதான் கணக்கு. கிலோமீற்றரெண்டால் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கீழை சின்னனாய் இருபத்திரண்டு இருக்கெல்லே? அது இடைக்கிடை வாற வீச்சு."

இருபத்திரண்டு நொட் என்றால் நாற்பது கிலோமீற்றர்!

"இந்தச் சலாகை அதுக்கு நிக்காது" என்றார் அண்ணை. என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போனைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை எல்லா மணித்தியாலத்தையும் வரிவரியாகப் பார்த்தேன். எங்கள் முறை இரண்டு மணிக்கு. அப்போது பன்னிரண்டும் இருபத்திரண்டும். ஐந்து மணிக்கு ஒன்பதும் பதினொன்றும். இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள தூரம்தான் சலாகையை முறிப்பது!

"அண்ணை! அஞ்சு மணிக்குக் காத்து ஒரே சீராய் வருகுது!" என்று கத்தியே விட்டேன்.

ஐந்து மணி முறை அந்த வள்ளப் பட்டக்காரருடையது. "எங்கடை பட்டம் முரட்டுக் காத்துக்கெண்டே கட்டினது. நாங்கள் இப்ப ஏத்துறம், நீங்கள் பிறகு விடுங்கோ" என்று அவரே மாற்றித் தந்தார். போட்டி நடத்துகிறவர்களும் சம்மதித்தனர். அவருடைய வள்ளம், தலையில் கட்டிய விண் என்கிற நார் காற்றில் கூவக் கூவ மேலே ஏறியது.

ஐந்து மணிக்குக் காற்று சொன்னபடியே அடங்கியது. ஆனாலும் ஒன்பது நொட் எங்கள் சலாகைக்கு அதிகம். பட்டத்தின் நெஞ்சில் மூன்று நூலாகக் கட்டுகிற முச்சையின் மேல்நூலை நான் குறுக்கினேன். பட்டம் கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து நின்றால் காற்று வழிந்துபோகும். வால் போதவில்லை. அண்ணை சுற்றுமுற்றும் பார்த்தார். பொங்கலுக்கு வாங்கிய புது வேட்டியை அவிழ்த்து நெடுக்காகக் கிழித்தார். அரைக் காற்சட்டையோடு அவர் ஓடிய ஓட்டத்துக்குக் கடற்கரையே விசிலடித்தது.

பட்டம் ஒருமுறை தடுமாறி எழும்பியது. வேட்டி வால் விரிந்தது. முன்சக்கரம் ஒன்று அசைந்தது, பிறகு மற்றது, பிறகு பின்சக்கரங்கள் இரண்டும்.

"சுத்துது அண்ணை! நாலும் சுத்துது!" நான் மணலில் குதித்தேன். எனக்கு வந்த சந்தோசத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பாதி நூல் இன்னும் உருளையில் இருந்தது. அண்ணை அதை இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"இந்தக் காத்து எவ்வளவு நேரம் நிக்குமடி?"

"ஆறு மணி மட்டும். வீச்சும் பதினொண்டுக்கு மேலை போகாது."

"நொட்டிலையோ?"

"ஓம் அண்ணை, நொட்டிலைதான். மூண்டு தரம் பாத்தனான்."

அண்ணை பட்டத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் மிச்ச நூல் முழுவதையும் விட்டார்.