பாலம் கேட்டு ஓட்டிய வள்ளம்

போன வாரம் பேத்தி கைபேசியில் ஒரு படம் காட்டினாள். எங்கேயோ பெரிய கடல், நடுவே தீவுகள். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் படகுப் போட்டி. ஒல்லியான நீளப் படகு, உள்ளே வரிசையாகத் துடுப்புப் போடும் ஆட்கள். படகின் ஒரு பக்கம் இரண்டு கம்புகளை நீட்டி, அவற்றின் முனையில் ஒரு மிதவைக் கட்டையைக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டையைப் பார்த்ததும் போனைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அவள் சிணுங்கினாள்.

படத்தில் பேசியவர் அந்தப் போட்டி பிறந்த கதையைச் சொன்னார். அந்தத் தீவுகளுக்கு நடுவே கடல் பொல்லாததாம். இந்தப் படகு அதில் தாங்காது என்று எல்லோரும் கையை விரித்தார்களாம். ஒரே ஒரு மனிதர் மட்டும், தாங்கும், கடக்கலாம் என்று வருஷக்கணக்கில் நச்சரித்துக் கடைசியில் கடந்து காட்ட வைத்தாராம். நல்ல கதைதான். எங்கள் கதை இதற்கு நேர் எதிர். நாங்கள் அன்றாடம் கடந்துகொண்டுதான் இருந்தோம். கடக்கிற பாட்டை ஊருக்குக் காட்டத்தான் போட்டி வைத்தோம்.

அப்போது நான் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக்காய் சூட்டில் வியர்க்கும்போது வரும் வாசனை லேசில் சட்டையை விட்டுப் போகாது. போடிக்கு பஸ்சில் வந்தால் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பாயச ஞாபகம் வந்துவிடும். எனக்கு அந்த வாசனை என்றால் தண்ணீர்தான் ஞாபகம் வரும். ஸ்டோர் வாசலில் நின்றால் கீழே அணைத் தண்ணீர் அப்படியே தெரியும்.

மழை பிடித்துத் தண்ணீர் ஏறினால் எங்கள் மேடு தீவாகிவிடும். எதிரே இன்னொரு மேடு. அதன் பின்புறம்தான் ஜீப் ரோடு. அரிசி, மருந்து, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் பக்கம். இரண்டு மேட்டிலும் போடி, சிலமலை, தேவாரத்துச் சனம்தான். இந்த மேட்டில் பெண் எடுத்து அந்த மேட்டில் கொடுத்து, மாமன் மச்சானாகப் பின்னிக்கொண்டு கிடந்தோம். போக வர மரத்தைக் குடைந்த வள்ளம் மேட்டுக்கு ஒன்று. காற்றடித்தால் கவிழும் என்று மாயாண்டிதான் ஒரு பக்கம் மூங்கிலை நீட்டி, மண்ணெண்ணெய் வந்த காலி டின்களை மூடி அடைத்துக் கட்டினான். அந்தக் கடல்காரர்கள் கட்டையில் செய்ததை எங்கள் ஆள் டின்னில் செய்திருந்தான். இதைச் சொன்னால் பேத்தி நம்பவில்லை.

மாயாண்டி களையெடுப்பில் இருந்தவன். அவன் பெண்டாட்டி ராசாத்தி எதிர்மேட்டுப் பெண். அவர்களுடைய முதல் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது காற்று ஓயட்டும் என்று கரையிலேயே காத்திருந்து பறிகொடுத்தார்கள். அதற்குப் பிறகு மாயாண்டிக்குப் பாலம் ஒன்றுதான் பேச்சு. மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்த பிறகு ஒருநாள் ஸ்டோருக்கு வந்து அடுப்பு முன்னால் குந்தினான்.

"மனுவை எவனும் படிக்க மாட்டேங்கிறான்ணே. போட்டின்னு கூப்புடுவோம், வேடிக்கை பாக்க வருவாங்க. நாம படுற பாட்டைக் கண்ணால பாக்கட்டும்" என்றான்.

எனக்கும் அது பெரிய யோசனையாகத்தான் பட்டது. நீச்சலும் தெரியாது, துடுப்பும் பிடிக்க வராது என்பதால் விசில் ஊதும் பதவியை எனக்குக் கொடுத்தார்கள். அந்த விசிலோடு நான் காட்டிய தோரணை இருக்கிறதே, அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

நாங்கள் மனுக் கொடுத்த கேரளத்து அதிகாரி நிஜமாகவே வந்தார். எங்கள் வள்ளத்தில் மாயாண்டி, எதிர்மேட்டு வள்ளத்தில் ராசாத்தியின் அண்ணன் செல்வம். விசில் ஊதியதுதான் தெரியும், இரண்டும் பறந்தன. மச்சானிடம் மச்சான் தோற்பானா? அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் மலையாளத்தில், "இவர்க்கு எந்தினா பாலம்? வள்ளம் உண்டல்லோ" என்றார். வள்ளம் இருக்கும்போது இவர்களுக்குப் பாலம் எதற்கு என்று அவர் கேட்டது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

அடுத்த வருஷம் இரண்டு மேடும் கூடிப் பேசினோம். அதிகாரி கண்ணுக்குக் கஷ்டம் தெரிகிற மாதிரி மெதுவாகத் துடுப்புப் போடுவது, நடுவில் தடுமாறுவது, ஒரு வள்ளம் கரை சேராமலே நிற்பது என்று முடிவானது. சத்தியம்கூட வாங்கினோம். விசில் ஊதினேன். பாதித் தூரம் ஒழுங்காகத்தான் அசைந்து போனார்கள். எங்கே யார் முதலில் மீறினார்கள் என்று இன்றுவரை தெரியாது. செல்வத்தின் வள்ளம் ஒரு முழம் முந்தியது, மாயாண்டி அதைப் பார்த்துவிட்டான், அவ்வளவுதான். ராசாத்தி அப்போது மாசமாக இருந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கரையோரமாக நடந்து, "மெதுவாப் போங்க மாமா, நமக்குப் பாலம் வேணும்" என்று கத்தினாள். அவன் காதில் விழவில்லை. முந்தின வருஷத்தைவிட வேகமாக வந்து சேர்ந்தான். மாலை போட்ட பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

சில வாரத்தில் காலையிலேயே ராசாத்திக்கு வலி கண்டது. பேய்க்காற்று. வள்ளத்தை இறக்கினால் டின்னோடு சேர்த்துப் புரட்டிப் போட்டது. மத்தியானம் காற்று கொஞ்சம் தணிந்ததும் செல்வம் அந்தக் கரையிலிருந்து வந்துவிட்டான். மச்சான்கள் இருவரும் ஒரே வள்ளத்தில் ஆளுக்கொரு துடுப்புப் போட்டு அவளைக் கொண்டுபோனார்கள். எந்தப் போட்டியிலும் அந்த வேகத்தை நான் பார்த்ததில்லை. ஜீப்பு போடிமெட்டு வளைவில் இறங்கும்போது அவள் உயிர் போய்விட்டது. பிள்ளையும் பிழைக்கவில்லை. பாலம் இருந்திருந்தால் காலையிலேயே போயிருப்பாள்.

அதன் பிறகாவது பாலம் வரும் என்று நினைத்தோம். பந்தலும் மைக்கும்தான் வந்தன. டூரிஸ்டுகள் வர ஆரம்பித்ததால் போட்டியை அதிகாரிகளே எடுத்து நடத்தினார்கள். ராசாத்தி பெயரில் ஒரு கோப்பையும் வைத்தார்கள். பாலம் வந்தால் போட்டியின் அழகு போய்விடும் என்று மைக்கில் ஒருவர் பேசினார். மாயாண்டி எங்கள் வள்ளத்திலிருந்து டின்களை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டான். பிறகு துடுப்பைத் தொடவில்லை.

ஒவ்வொரு குடும்பமாக மலையை விட்டு இறங்கினோம். இப்போது அந்த மேட்டில் நாங்கள் குடியிருந்த லயமும் இல்லை, ஸ்டோரும் இல்லை. ஆளில்லாததால் போட்டியும் நின்றுவிட்டது. பாலம் வேண்டும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

மாயாண்டி போடியில்தான் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் லோடு இறக்குகிறான். பேத்தியின் போனை வாங்கிக்கொண்டு போய் அவனிடம் படத்தைக் காட்டினேன். மூட்டை மேல் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தான்.

"அந்த ஆளுகளுக்கும் பாலம் இல்லையாண்ணே?" என்று கேட்டான்.

அது கடல், அதில் யார் பாலம் கட்ட முடியும் என்றேன்.

"அப்பச் சரி. கட்ட முடியாத எடத்துல போட்டி வச்சுக்கிறலாம்" என்றான். போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போனான்.