பஸ்ஸைக் குனிய வைத்தவர்

போன வருடம் காலாண்டுத் தேர்வு லீவு விட்ட மறுநாள், ஒரு சனிக்கிழமை காலையில், அருப்புக்கோட்டையில் என் கணவரின் வெல்டிங் பட்டறையில் நடந்த சம்பவம் இது. இன்றைக்கும் எங்கள் தெருவில் யாராவது இதைப் பேச ஆரம்பித்தால், பத்துப் பேர் சேர்ந்துகொண்டு சொல்லி முடிப்பார்கள். நடந்ததை நடந்தபடி நான் ஒருத்திதான் சொல்ல முடியும், ஏனென்றால் தப்பு என்னுடையது.

எங்கள் ஊரிலிருந்து கடல் இரண்டு மணி நேரப் பயணம்தான். ஆனால் நாங்கள் கடலுக்குப் போனதெல்லாம் காரியத்துக்குத்தான். மாமனார் இறந்தபோது ராமேஸ்வரம். அப்பாவின் திதிக்கு சேதுக்கரை. இருட்டோடு கிளம்பிப் போய், முழுகி எழுந்து, ஈரப் புடவையோடு வேன் ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவோம். கடல் என்ன நிறம் என்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியாது. "ஒரு தடவையாவது யாரும் சாகாம கடலுக்குப் போயிட்டு வரணும்" என்று நான் ஒருநாள் சொன்னபோது என் கணவர் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஓடி ஓய்ந்த மினி பஸ் ஒன்று விலைக்கு வந்ததும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டுவந்து பட்டறைக்குள் நிறுத்திவிட்டார்.

அந்தப் பட்டறை பழைய பஞ்சு குடோன். நாங்கள் வாடகைக்கு எடுத்தது. அதற்குள் ஒரு வருடமும் சில மாதங்களும் அந்த பஸ்ஸோடு அவர் மல்லுக்கட்டினார். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஏழு பேர் படுக்கப் பலகை போட்டார். ஓரமாக ஒரு அடுப்பு மேடை, அதற்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. மனிதர் நல்ல உயரம். உள்ளே தலை இடிக்காமல் நிற்க வேண்டும் என்று கூரையையே ஒரு அடி தூக்கிவிட்டார். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடையாய் நடந்து எல்லாவற்றையும் முறைப்படி பதிந்தோம். அதற்காக பஸ்ஸை வெளியே கொண்டுபோய்த் திரும்ப உள்ளே விட்டபோது, வாசலின் மேலே இருந்த கான்கிரீட் உத்தரத்துக்கும் பஸ்ஸின் கூரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. அதை நானே நின்று பார்த்தேன்.

பயணத் திட்டம் முழுக்க என் பொறுப்பு. திருச்சுழியில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறவள் நான். ஒரு காகிதம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று தெரியும். நாங்கள் நாலு பேர், கோயம்புத்தூரிலிருந்து கொழுந்தனார், அவர் மனைவி, மகள், ஆக ஏழு பேர். திருச்சுழி, நரிக்குடி வழியாகப் போய் தேவிபட்டினத்தில் கடலைப் பிடிப்பது, பிறகு கரையை விடாமல் ஏர்வாடி, வேம்பார், தூத்துக்குடி, மணப்பாடு என்று கன்னியாகுமரி வரைக்கும் போவது என்று தீர்மானம். யாருக்கு எது வேண்டும் என்று கேட்டு எழுதினேன். மகனுக்கு மீன் ஏலம் பார்க்க வேண்டும். மகளுக்குக் கலங்கரை விளக்கத்தில் ஏற வேண்டும். கொழுந்தனார் மனைவி, ஏழு நாளும் தன்னை யாரும் "இன்னைக்கு என்ன குழம்பு" என்று கேட்கக் கூடாது என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். காய்ச்சல் மாத்திரை முதல் துணி காயப்போடும் கொடிக்கயிறு வரை எதுவும் விட்டுப்போகவில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் ஒரு சண்டை. பட்டறைக்கு நேர் எதிர்வீட்டில் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். நான் வேலையில் சேர்ந்த புதிதில் அவருடைய நரிக்குடி பஸ்ஸில்தான் திருச்சுழிக்குப் போவேன். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஜூன் மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் அவர் பட்டறை வாசலில் வந்து நின்று, "இந்த வெல்டிங்கு போடுறீகள்ல..." என்று ஆரம்பித்தார். அன்றைக்கு ஆபீஸில் எனக்கு ஆயிரம் எரிச்சல். அவரை முடிக்கவே விடவில்லை. "முப்பது வருசம் நீங்க ஊதுன விசில்ல எங்க காதெல்லாம் போச்சு, நாங்க பொறுத்துக்கிட்டோம்ல அண்ணாச்சி" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு மூன்று மாதம், எதிரெதிரே பார்த்தால் இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் விடியற்காலையில் கிளம்புவதாகத் திட்டம். பஸ்ஸை வெளியே எடுத்துக் கழுவிவிட்டு, சாமான்களை ஏற்றலாம் என்று என் கணவர் ஸ்டார்ட் செய்தார். மெதுவாக வந்த பஸ் வாசலில் 'டங்' என்று ஒரு சத்தத்தோடு நின்றது. முந்தின ராத்திரியே குடும்பத்தோடு வந்திருந்த கொழுந்தனார் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். பஸ் கூரை உத்தரத்தை விட மூன்று விரல் உயரமாக இருந்தது.

காரணம் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பழைய டயரை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்று அடம்பிடித்து, கடைசி வாரத்தில் பட்டறைக்குள்ளேயே புது டயர்களைப் போட வைத்தது நான்தான். போடுவதுதான் போடுகிறோம், தேய்ந்துபோன ஸ்பிரிங் பட்டைகளையும் மாற்றிவிடுங்கள் என்றதும் நான்தான். புதுக் காலில் எழுந்து நின்றுவிட்டது பஸ். அதை நாங்கள் யாருமே அளக்கவில்லை.

டயர்களில் காற்றை இறக்கிப் பார்த்தார்கள். ஒரு விரல் இறங்கியது. அதற்கு மேல் இறக்கினால் டயர் வீணாகிவிடும் என்றார் என் கணவர். தொட்டியில் தண்ணீரை நிரப்பினோம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. உத்தரத்தை உடைக்க முடியாது, அந்த முன்சுவரே அதில்தான் நிற்கிறது. கூரையை வெட்டினால் திரும்ப ஒட்டி, பதிந்து முடிக்க மாதங்கள் ஆகும். கொழுந்தனாருக்கு லீவு அந்த ஒரு வாரம்தான், அதுவும் கெஞ்சி வாங்கியது. என் கணவர் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து, கையில் இருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மகள், "அப்ப நாளைக்குப் போகலையாம்மா?" என்றாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு அண்ணாச்சி தெருவைத் தாண்டி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸை முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் பார்த்தார். டயரைக் காலால் தட்டினார். பிறகு என் கணவரிடம், "தம்பி, காலி பஸ்ஸு நிமிந்துதான் நிக்கும். ஆளை ஏத்துனா தன்னால குனியும். திருவிழாக் கூட்டத்துல எம் பஸ்ஸோட படிக்கட்டு ரோட்டுல ஒரசுறதை எத்தனை தடவை பாத்துருக்கேன்" என்றார்.

என் கணவர் எழுந்து நின்றார். ஆனால் அத்தனை ஆளுக்கு எங்கே போவது என்று கேட்டார் கொழுந்தனார்.

அண்ணாச்சி தெருமுனைக்கு நடந்தார். அங்கே ரேஷன் கடை. அன்றைக்குக் கைரேகை மிஷினுக்கு சிக்னல் கிடைக்காமல், காலையிலிருந்து வரிசை அப்படியே நின்றுகொண்டிருந்தது. அவர் என்ன பேசினாரோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் அந்த வரிசை வரிசையாகவே எங்கள் பட்டறைக்கு வந்தது. பையோடு, கார்டோடு, இடுப்பில் குழந்தையோடு. சிக்னல் போவதற்கு முன்பே அரிசி வாங்கிவிட்டவர்கள் அரிசியோடு. வழியில் தறிக்காரர்கள் நாலைந்து பேர், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் அந்தக் காட்சியை வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆன மனிதர், படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் இருபது வயது இளையவராகிவிட்டார். உள்ளே தள்ளிப் போங்க, படியில நிக்காதீக, பலகையில ஏறி உக்காருங்க என்று குரல் கொடுத்துக்கொண்டே ஒவ்வொருவராக ஏற்றினார். கொஞ்சம் பருமனான ஒரு அம்மா ஏறத் தயங்கியபோது, "வெக்கப்படாம வாங்க தாயி. இன்னைக்கு ஒங்களுக்குத்தான் மொத மரியாதை" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே ஏறிப் பின்பக்கம் போய் உட்கார, ஸ்பிரிங் 'கிறீச்' என்றது. ஏணியில் நின்ற கொழுந்தனார், "இன்னும் ஒரு விரல்" என்று கத்தினார். அண்ணாச்சி மேலும் ஆளைத் திணித்தார். "இன்னும் அரை விரல்." அரிசி மூட்டைகளையும் ஏற்றினார். கடைசியில் என்னையும் பிள்ளைகளையும் ஏறச் சொன்னார். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, "ஏறும்மா" என்பதுதான்.

பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள். என் கணவர் கிளட்ச்சை விட்டார். ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பஸ் எறும்பு மாதிரி ஊர்ந்தது. மேலே உத்தரம் கடந்து போகிற நிழல், ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு போனது. ஒரு உரசல் சத்தம்கூட இல்லை. பின்பக்கக் கண்ணாடியில் வெயில் விழுந்ததும், உள்ளே எழுந்த கூச்சலில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், வெளியே வந்த பிறகு ஒருத்தரும் இறங்கவில்லை. சிக்னல் வர இன்னும் நேரம் ஆகும், அதுவரை ஒரு ரவுண்டு போய் வரலாம் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். டயரில் காற்றை நிரப்பிக்கொண்டு, பந்தல்குடி வரைக்கும் ஆமை வேகத்தில் போய், ரோட்டோரக் கடையில் எல்லாரும் டீ குடித்தோம். தூத்துக்குடிக்குப் போகிற லாரிக்காரர்கள் வண்டியை மெதுவாக்கி எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அண்ணாச்சியின் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர். எந்தப் பலகை யாருக்கு, எந்த ஊரில் முதலில் நிற்போம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜன்னல் வழியாக இந்த பஸ் தயாராவதை முதல் நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். "நடுவுல மட்டும்தான் பாக்க முடியல. கண்ணு ஆபரேசன் பண்ணிருந்துச்சு. ஒங்க வெல்டிங் வெளிச்சம் நேரா எங்க ஜன்னலுக்குத்தான் வரும். ஒரு படுதா கட்டச் சொல்லுங்கன்னு இவுகளை அனுப்பினேன், போயிட்டுச் சும்மா வந்துட்டாக."

ஒரு படுதா. அவர் கேட்க வந்தது அவ்வளவுதான். அவர் சத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சத்தம் என்று முடிவு செய்தது நான்தான். அந்த மூன்று மாதமும் ஜன்னலை அடைத்துக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில் இரண்டு பேரும் இருந்திருக்கிறார்கள்.

டீக்கடையில் அண்ணாச்சியிடம் போய், அன்றைக்கு நான் பேசியது தப்பு என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் கேக்காத பேச்சா தாயி. டீ ஆறுது, குடி" என்றார். கோபமாகவும் சொல்லவில்லை, பெருந்தன்மையாகவும் சொல்லவில்லை. வழக்கமான குரலில் சொன்னார். அதுதான் என்னை மேலும் குனிய வைத்தது.

திரும்பி வரும்போது மதினியிடம், கடலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். கல்யாணமான புதிதில் திருச்செந்தூரில் ஒரு தடவை என்றார். ஊரே திருவிழாவுக்குப் போகிற நாளில்தான் இவருக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் டூட்டி விழும், பிறகு எங்கே போவது என்று சிரித்தார். அன்று சாயங்காலம் நானும் என் கணவரும் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டோம். குடும்பமாகப் போகிறீர்கள், நாங்கள் எதற்கு இடைஞ்சலாக என்று அண்ணாச்சி மறுத்தார். மதினி உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஏழு பேர் என்று போட்ட திட்டம் ஒன்பது ஆனது. ஆண்கள் இரண்டு பேர் மாறி மாறி, ராத்திரியில் வெளியே கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார்கள். அந்த ஏழு நாளும் யாரும் யாரையும் என்ன குழம்பு என்று கேட்கவில்லை. கிடைத்ததைச் சாப்பிட்டோம், நினைத்த இடத்தில் நின்றோம். வேம்பார்க் கரையில் மதினி முழங்கால் தண்ணீரில் நின்று அலையோடு பேசிக்கொண்டிருக்க, அண்ணாச்சி மனைவியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டி நனைவதுகூடத் தெரியாமல் பக்கத்திலேயே நின்றார். கடல் அன்றைக்குப் பச்சையாக இருந்தது.

இப்போதும் அலுவலகத்திலோ வீட்டிலோ யாராவது ஒரு குறையோடு வந்து நின்றால், எனக்கு வாய் முந்திக்கொண்டு வரத்தான் செய்கிறது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் ஆரம்பித்த வாக்கியத்தை அவரே முடிக்கும்வரை காத்திருக்கிறேன், எத்தனையோ தடவை அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் நினைத்தே பார்க்காத ஒரு மனிதர் எனக்குக் கிடைத்திருக்கிறார்.